கடலில் கரையாத பிளாஸ்டிக்: வாசகர் கேள்வி – பதில்

கடல் நுண்பிளாஸ்டிக் பற்றி வந்த கடிதங்களில் ஒன்பதை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டு, இழை, குருணை எல்லாமே இந்தப் பெயருக்குள் அடக்கம்.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் கப்பல் மூழ்கிய பிறகு வெள்ளைக் குருணைகள் எங்கள் கரையில் ஒதுங்கின. இன்னும் மணலைக் கிளறினால் தென்படுகின்றன. தொடலாமா? ஊர் இளைஞர்கள் சேர்ந்து அள்ளினால் பலன் உண்டா?
*– வாசகர், குளச்சல்*

பலன் உண்டு. நுண்பிளாஸ்டிக் வகைகளிலேயே கையால் அள்ளி எடுக்கக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் அள்ளும் முறை தவறினால் கரைக்குச் சேதம் அதிகம்.

எம்எஸ்சி எல்சா 3 என்ற அந்தக் கப்பல் மே 24 அன்று சாய்ந்து மறுநாள் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. குடமோ பைப்போ பையோ ஆவதற்கு முன்னால் பிளாஸ்டிக் இந்தக் குருணை வடிவில்தான் மூட்டை மூட்டையாக ஆலைக்குப் போகிறது. ஒரு குருணையின் எடை சுமார் 20 மில்லிகிராம். கிலோவுக்கு 40,000 முதல் 50,000 வரை தேறும். 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தால் பத்து லட்சம் குருணை கடலில் இறங்கிவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

புதுக் குருணையைத் தொட்டால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் கையுறை போடுங்கள். கப்பலின் எரிஎண்ணெய் அதில் ஒட்டியிருக்கலாம், டீசல் வாடை அடித்தால் நிச்சயம் ஒட்டியிருக்கிறது. மஞ்சளித்தும் பழுப்பேறியும் இருப்பவை கடலில் அதிக காலம் கிடந்தவை. சுற்றியுள்ள நீரிலிருந்து பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை இரசாயனம் போன்ற எண்ணெயில் கரையும் நஞ்சுகளை அவை உறிஞ்சி வைத்திருக்கும். உடையாத பீப்பாய், பிரிக்காத பொட்டலம் எது ஒதுங்கினாலும் தள்ளி நின்று மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அந்தக் கப்பலில் 12 கன்டெய்னர் கால்சியம் கார்பைடு இருந்தது. அது நீர் பட்டால் அசிட்டிலின் வாயுவை விடும். ஒரு பொறி போதும் தீப்பிடிக்க.

எங்கே தேடுவது? அலை நனைக்கும் இடத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடந்த பெரிய ஏற்றம் குப்பையையும் பாசியையும் ஒதுக்கிய வரி, அதற்கு மேலே ராவணன் மீசை, அடம்பங்கொடி படர்ந்த இடங்களின் காற்றுப்பக்கம், தூண்டில் வளைவின் (கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல் சுவர்) கற்களுக்கு இடையிலான இடுக்கு: இவைதான் குருணை சேரும் இடங்கள். மேற்குக் கரையில் ஆனி, ஆடி அலை மணலை அரித்துக் கொண்டுபோகும், பிறகு மணல் திரும்பி வந்து ஏறும். அப்படி ஏறும்போது குருணை அடுக்கடுக்காக உள்ளே புதைகிறது. சுத்தம் செய்த இடத்தில் அடுத்த ஆண்டும் வெள்ளையாகக் கிடக்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வந்ததும் இருக்கும், புதைந்தது வெளியே வந்ததும் இருக்கும்.

மணல் காய்ந்திருந்தால் இரண்டு சல்லடை போதும். மேலே 8 மில்லிமீட்டர் கண்ணுள்ளது. சிப்பி, குச்சி அதில் நிற்கும். கீழே 2 மில்லிமீட்டர். மணல் இறங்கிவிடும், குருணை தங்கும். ஈர மணலைச் சல்லடையில் போட்டால் கண்ணடைத்துக்கொள்ளும். அதற்கு வாளி முறை. 20 லிட்டர் வாளியில் மூன்றில் ஒரு பங்கு மணல், மேலே கடல்நீர். கையால் நன்றாகக் கலக்கி 15 விநாடி விடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் கடல்நீரைவிட இலேசானவை என்பதால் மேலே வந்துவிடும். டீ வடிகட்டியால் அள்ளலாம். நீரைக் கொட்டும்போதும் வடிகட்டி வழியாகவே கொட்டுங்கள். பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான் அள்ளியதில் ஒரு பங்கு திரும்பக் கடலுக்குப் போகிறது.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். அது மேலே கிடப்பதை ஓரடி ஆழத்துக்குப் புதைத்துவிடும். அடம்பங்கொடியைப் பிடுங்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும் பருவம். அப்போது மேல்மணலைத் தவிர எதையும் கிளறக் கூடாது.

அள்ளியதை மெல்லிய பாலிதீன் பையில் வெயிலில் வைத்தால் சில வாரங்களில் பை பொடிந்து எல்லாம் மறுபடி மண்ணில் கொட்டும். இரட்டைச் சாக்கில் கட்டி, எடை போட்டு, இடமும் தேதியும் எழுதி நிழலில் வைத்து நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். அந்த எடைக் கணக்கு இழப்பீட்டு வழக்குக்கு உதவும் சான்று. எரிக்காதீர்கள். எரிந்து உருகிக் கருகிய கட்டி கல்லைப் போலவே தோன்றும், பிறகு யாராலும் பொறுக்க முடியாது.

2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த கப்பலின் பிளாஸ்டிக் உருண்டைகள் பற்றி இன்னும் பேசுகிறார்கள். இவற்றை ஆபத்தான சரக்காகச் சட்டம் கருதுவதில்லையா?
*– வாசகி, மன்னார்*

கருதுவதில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் 2021 மே 20 அன்று தீப்பிடித்து ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. 1,486 கன்டெய்னர்கள், அவற்றில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை. கசிந்த நைட்ரிக் அமிலம் ஆபத்தான சரக்குப் பட்டியலில் உண்டு. குருணை இல்லை. அதனால் அதை மேல்தளத்திலும் அடுக்கலாம், சாதாரண மூட்டையிலும் கட்டலாம். நல்ல பொதி, சரக்குப் பத்திரத்தில் தெளிவான அடையாளம், இயன்றவரை தளத்துக்குக் கீழே அடுக்குதல் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் பரிந்துரை வெளியிட்டது. பரிந்துரைதான், கட்டாயம் ஆகவில்லை. எல்சா 3 மூழ்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

இழப்பீட்டிலும் இதே இழுபறி. லண்டன் கடல்சார் நீதிமன்றம் 2023இல் கப்பல் தரப்பின் பொறுப்புக்கு 1.9 கோடி பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி அமெரிக்க டாலர் செலுத்தும்படி உத்தரவிட்டது. ஒரே விபத்து, இரண்டு நீதிமன்றம், தொகையில் இவ்வளவு தூரம்.

கொழும்புச் சம்பவத்தில் கூடுதல் தொல்லை தீ. எரியாத குருணை வெள்ளையாக உருண்டையாக இருந்ததால் கண்ணில் பட்டது. எரிந்தவை கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு நொறுங்கி, பல அளவில் சிதறின. எரிந்ததில் அதிக வகை இரசாயனங்களும் இருந்தன. பொறுக்குகிறவர்கள் வெள்ளையை எடுத்துவிட்டுக் கறுப்பை விட்டுவிடுவது இயல்பு. உங்கள் பக்கம் துப்புரவு நடந்தால் கறுப்புத் துண்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதினோராம் வகுப்பு மாணவர்களோடு எங்கள் கடற்கரை மணலில் மைக்ரோபிளாஸ்டிக் எவ்வளவு என்று அளக்க ஆசை. ஆய்வகக் கருவிகள் இல்லாமல் முடியுமா?
*– ஆசிரியர், கடலூர்*

1 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான துண்டுகளை மட்டும் எண்ணுவதாக முடிவு செய்தால் முடியும். அதற்குக் கீழே போகாதீர்கள். மாணவரின் சட்டையிலிருந்து விழும் இழையும் மணலிலிருந்த இழையும் ஒன்றாகிவிடும், எண்ணிக்கைக்குப் பொருளே இருக்காது.

கரைக்கு இணையாக 100 மீட்டர் கயிறு கட்டுங்கள். கடைசி ஏற்ற வரியின் மேலேயே. அதில் ஐந்து இடங்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். குப்பை தெரியும் இடமாகப் பார்த்து எடுத்தால் விடை முன்பே முடிவாகிவிடும். 50 க்கு 50 சென்டிமீட்டர் சட்டம், மரத்தில் செய்தது. பிவிசி பைப்பில் செய்யாதீர்கள். சட்டத்துக்குள் மேல் 5 சென்டிமீட்டர் மணலை எவர்சில்வர் கரண்டியால் எடுங்கள். ஓர் இடத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் மணல் வரும், தூக்கிச் செல்ல முடியாத கனம். மணல் காய்ந்திருந்தால் அங்கேயே 5 மி.மீ. சல்லடையிலும் அடுத்து 1 மி.மீ. சல்லடையிலும் சலித்து, நடுவில் நின்றதை மட்டும் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வாருங்கள்.

அடுத்து மிதக்கவிடுதல். ஒரு லிட்டர் நீரில் 360 கிராம் கல் உப்பு. கலக்கிய பின்னும் அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் நின்றால்தான் கரைசல் முழுச் செறிவுக்கு வந்திருக்கிறது. முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பது இதற்குப் போதாது. அதைவிடக் குறைந்த உப்பிலேயே முட்டை மிதந்துவிடும். அந்தக் கரைசலை வடிதாளில் வடிகட்டிய பிறகே பயன்படுத்துங்கள். உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் இருக்கிறது. சலித்ததை அதில் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, ஒரு மணி நேரம் விட்டு, மேலே மிதப்பதை வடிதாளில் ஊற்றுங்கள். ஒரே மணலுக்கு மூன்று முறை. முதல் முறையில் சிக்காதது இரண்டாவதில் வரும்.

இந்தக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2 (வெறும் நீருக்கு 1). பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், நைலான், பாலிஸ்டைரீன் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் 1.38, பிவிசியும் கிட்டத்தட்ட அதே. இரண்டும் அடியிலேயே நிற்கும். ஆகவே ‘எங்கள் கரையில் பெட் இல்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். ஆய்வகங்கள் ஜிங்க் குளோரைடு கரைசல் வைத்து இதைச் சமாளிக்கின்றன. அது தோலை அரிக்கும், கொட்டுவதற்கும் இடமில்லை, பள்ளிக்கு வேண்டாம். கரிமப்பொருளைக் கரைக்க 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவார்கள், அதுவும் வேண்டாம்.

மிதந்ததெல்லாம் பிளாஸ்டிக் ஆகாது. விதை, மீன் செதில், பூச்சி இறக்கை எல்லாம் மிதக்கும். இடுக்கியால் அழுத்துங்கள், பொடிந்தால் பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு குறைவு. சிப்பித் துண்டு என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு வினிகர், நுரைத்தால் சிப்பி. கடைசியாக, பழுக்கக் காய்ச்சிய ஊசி முனையை ஆசிரியர் மட்டும், காற்றோட்டமான இடத்தில், துண்டின் ஓரத்தில் வைக்கவும். பிளாஸ்டிக் சுருண்டு உருகும், மற்றவை கருகும். எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதற்கு, அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் எஃப்டிஐஆர் கருவி வேண்டும். அருகில் பல்கலைக்கழகம் இருந்தால் பத்துத் துண்டுகளை மட்டும் கொண்டுபோய்ச் சரிபார்த்து வாருங்கள்.

ஒரு சட்டத்தில் கிடைத்ததை நான்கால் பெருக்கினால் சதுர மீட்டருக்கான எண். அந்த எண்ணோடு சல்லடையின் அளவையும் ஆழத்தையும் சேர்த்தே எழுதுங்கள். வேறு ஊரில் 0.3 மி.மீ. வரை எண்ணியவர்களின் கணக்கு பல மடங்கு கூடுதலாக வரும். அந்தக் கரை உங்கள் கரையைவிட மோசம் என்று அதற்குப் பொருள் கிடையாது. செய்தித்தாள்களில் வரும் ‘எங்கள் கடல்தான் உலகிலேயே மாசு’ தலைப்புகளில் பாதி, இந்தச் சல்லடைக் குழப்பத்தில் பிறந்தவை.

நெத்திலியை முழுசாகச் சாப்பிடுகிறோம். விடலாமா?
*– வாசகி, நாகப்பட்டினம்*

விட வேண்டியதில்லை. மீனின் உடலில் நம் கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் சிக்கும் அளவுத் துண்டுகள் பெரும்பாலும் குடலிலும் இரைப்பையிலும்தான் இருக்கும். கானாங்கெளுத்தி, சாளை ஆகியவற்றின் குடலை எடுத்துவிட்டால் அந்தப் பங்கு போய்விடும். இறாலில் முதுகிலுள்ள கறுப்பு நரம்பு அதன் குடல். அதை உருவி எடுப்பது ருசிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரிய நெத்திலியில் தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும், நம் வீடுகளில் ஏற்கெனவே செய்வதுதான். பொடி நெத்திலியில் அது நடக்காது. அதை மாதம் சில முறை சாப்பிடுவதால் கிடைக்கும் கால்சியமும் புரதமும், விட்டுவிடுவதால் மிச்சமாகும் துகள்களைவிடப் பெரிய லாபம் என்பது எங்கள் கருத்து.

மட்டியும் சிப்பியும் வேறு கதை. அவை நீரை வடிகட்டிச் சாப்பிடுபவை, நாம் குடலோடு சாப்பிடுகிறோம். சுத்தமான கடல்நீரில் போட்டு வைத்தால் கொஞ்சம் கக்கும். ஐரோப்பாவில் 2014இல் வெளியான ஆய்வில் மூன்று நாள் வைத்த பிறகு மட்டியில் கிராமுக்கு 0.36 துகள் 0.24 ஆகவும், சிப்பியில் 0.47 துகள் 0.35 ஆகவும் குறைந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. கழிமுகச் சாக்கடை அருகில் எடுத்த மட்டியைத் தவிர்ப்பது இதைவிட நல்ல வழி, கிருமிக்காகவும்தான்.

தூத்துக்குடி உப்பில் பிளாஸ்டிக் என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?
*– வாசகர், மதுரை*

உண்மை, ஆனால் பயப்படும் அளவு இல்லை. தூத்துக்குடியில் நடந்த, 2020இல் வெளியான ஆய்வில் கடல்நீர் பாய்ச்சி எடுத்த உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 துகள்களும், ஆழ்குழாய் நீரில் எடுத்த உப்பில் 2 முதல் 29 வரையிலும் கிடைத்தன. ஒருவர் ஆண்டுக்கு மூன்று நான்கு கிலோ உப்பு சாப்பிடுகிறார் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். சில நூறு துகள். வீட்டுக்குள் ஃபேன் காற்றில் சுற்றும் துணி இழை இதைவிட மிக அதிகம். பாத்தியில் நீர் விடும் முன் மணல் வடிகட்டி வைத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும் என்று மும்பை ஐஐடி ஆய்வு காட்டியிருக்கிறது. அது உப்பளக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் உப்பைக் கழுவிப் பயனில்லை.

பாலியெஸ்டர் துணி துவைக்கும்போது இழை போகிறதாமே. வாஷிங் மெஷினுக்குப் பை, ஃபில்டர் எல்லாம் விற்கிறார்கள். வாங்கலாமா?
*– வாசகி, திருப்பூர்*

6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெஷினில் போட்டால் 7 லட்சத்துக்கு மேல் இழை வரலாம் என்று பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் கணக்கிட்டது. பாலியெஸ்டர் சுமார் 5 லட்சம். பருத்தி கலந்தது 1.4 லட்சம். அதே குழு 2020இல் விற்பனையிலுள்ள சாதனங்களைச் சோதித்தபோது, மெஷினின் கழிவுநீர்க் குழாயில் மாட்டும் சிறந்த ஃபில்டர் 78 சதவீத இழையைக் குறைத்தது, துவைக்கும் பை 54, மெஷினுக்குள் போடும் பந்து 31. எனவே வாங்குவதானால் குழாய் ஃபில்டர். ஆனால் அதில் சேர்ந்த பஞ்சை சிங்க்கில் அலசினால் வாங்கியதே வீண். காயவிட்டு உருட்டி, தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். மேல்வாய் மெஷினில் ஏற்கெனவே இருக்கும் பஞ்சு வலைக்கும் இதே விதி.

காசு செலவில்லாத வழிகளும் உண்டு. ‘டெலிகேட்’ சுற்று துணிக்கு மென்மை என்று நினைத்துப் போடுகிறார்கள். அதில் தண்ணீர் அதிகம், அதனால் இழையும் அதிகம். நியூகாசில் பல்கலைக்கழகச் சோதனையில் சாதாரணச் சுற்றைவிட 8 லட்சம் இழை கூடுதலாக வந்தது. 40 டிகிரியில் 85 நிமிடத்துக்குப் பதில் 15 டிகிரியில் அரை மணி நேரம் துவைத்தால் சுமார் 30 சதவீதம் குறையும். மெஷின் நிறையும்வரை சேர்த்துத் துவையுங்கள். புதுத் துணியின் முதல் சில சலவையில்தான் அதிகம் கொட்டும். அப்போதாவது ஃபில்டர் வைத்தால் நல்லது.

கைத்துவையல் இன்னும் நல்லது. சீனாவில் நடந்த ஒரு சோதனையில் பாலியெஸ்டர் துணி மெஷினில் சராசரி 23,700 இழையும் கையில் 1,850 இழையும் விட்டது. சொரசொரப்பான பலகையில் தேய்த்தால் எண் கூடிவிட்டது. துவைகல்லில் பாலியெஸ்டரைப் போட்டு அடிப்பவர்கள் கவனிக்க.

இதெல்லாம் எதற்கு, சாக்கடைநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்பவர்களுக்கு: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே ஒரு நிலையம் 98.4 சதவீதத்தைப் பிடித்தது. மீதி 1.6 சதவீதமே நாளுக்கு 6.5 கோடி துகள். பிடித்ததும் மறைந்துவிடாது, கசடாக வயலுக்கு உரமாகப் போகும்.

நாங்கள் மீனவர்கள். மைக்ரோபிளாஸ்டிக்குக்கு எங்கள் வலையும் கயிறும் காரணம் என்கிறார்கள். நாங்கள் செய்யக்கூடியது என்ன?
*– வாசகர், பாம்பன்*

பழியில் பெரும்பங்கு உங்களுடையதல்ல. ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) 2017இல் போட்ட கணக்குப்படி, நுண்ணிய வடிவிலேயே கடலுக்குள் வந்து சேரும் பிளாஸ்டிக்கில் முதலிடம் துணி இழைக்கு (35 சதவீதம்), அடுத்தது டயர் தேய்மானத்துக்கு (28 சதவீதம்). ஆனாலும் கயிறு பற்றி ஒரு பயனுள்ள விவரம் இருக்கிறது. 2022இல் வந்த ஆய்வில், வாங்கி ஓராண்டுக்குள்ளான கயிறு இழுக்கும் மீட்டருக்குச் சுமார் 20 துகள் உதிர்த்தது. பத்தாண்டுக் கயிறு 700க்கு மேல். அதாவது பழைய கயிறுதான் வில்லன். கையில் வெள்ளைப் பொடி ஒட்டத் தொடங்கினால் அந்தக் கயிற்றின் பலமும் போய்விட்டது. கடலில் அறுவதற்கு முன் மாற்றிவிடுவது உங்களுக்கும் லாபம். கயிறு இழுக்கும் வின்ச் உருளையில் துருவும் பிசிறும் இருந்தால் புதுக்கயிறும் ஒரே பருவத்தில் தேயும், அரம் போட்டு வழவழப்பாக்குங்கள். வெட்டிய முனையைச் சூடு காட்டி உருக்கி மூடுங்கள். வலையையும் கயிற்றையும் வெயிலில் குவித்து வைக்காமல் தார்ப்பாயால் மூடுங்கள். பிளாஸ்டிக்கைப் பொடியாக்குவதில் முதல் ஆள் வெயில், அலை அப்புறம்தான்.

வலை தைக்கும்போது விழும் தங்கூசித் துண்டுகளுக்குப் படகிலேயே ஒரு சாக்கு கட்டி வையுங்கள். அவ்வளவு சிறியது என்ன செய்யும் என்று தோன்றும். நைலான் கடல்நீரைவிடக் கனம், நேரே அடிக்குப் போய் மண்ணில் கிடக்கும். அடியில் மேயும் இறாலும் நண்டும் அதைத்தான் விழுங்குகின்றன.

தெர்மாகோல்தான் உண்மையிலேயே விட வேண்டியது. மிதவை, ஐஸ் பெட்டி எதுவானாலும் ஓரம் உடைந்தால் மணி மணியாகப் பிரியும். துறைமுகங்களில் மிதக்கும் தெர்மாகோலில் துளையிட்டு வாழும் சிறு கணுக்காலிகள் உண்டு. ஒரே வளை தோண்ட ஒரு கணுக்காலி ஆயிரக்கணக்கான துகள்களை வெளியே தள்ளுகிறது. கெட்டியான ஓடுள்ள பாலிஎத்திலீன் மிதவை விலை கூடுதல்தான், ஆனால் பல ஆண்டு வரும்.

பெரிய இயந்திரம் வைத்துக் கடலை வடிகட்ட முடியாதா?
*– வாசகர், சேலம்*

வலைத்துண்டு, பாட்டில், கூடை ஆகியவற்றை அள்ளலாம், அள்ளுகிறார்கள். நுண்பிளாஸ்டிக்கை அள்ள முடியாது. பசிபிக்கின் பெரிய குப்பைப் பரப்பை 2018இல் அளந்தபோது 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் 79,000 டன் கிடைத்தது. எடையில் 46 சதவீதம் மீன்வலை. நுண்பிளாஸ்டிக் எடையில் வெறும் 8 சதவீதம். எண்ணிக்கையில் 94 சதவீதம். அதைப் பிடிக்கும் அளவுக்கு நெருக்கமான வலை போட்டால் மீன்குஞ்சும் மிதவை உயிரிகளும் கூடவே அழியும். மேலும் மேற்பரப்பில் மிதப்பது மொத்தத்தில் சிறு பங்கு. இத்தாலிக்கு அருகே டிர்ரீனியன் கடலடியில் சதுர மீட்டருக்கு 19 லட்சம் துகள் வரை படிந்திருப்பதை 2020இல் கண்டார்கள். அங்கே எந்த இயந்திரம் இறங்கும்?

செலவழிக்கத் தகுந்த இடம் ஆற்றுமுகம். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றிய ஆறுகளில் ஒரு குளிர்கால வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, படுகையில் தங்கியிருந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதம் அந்த ஒரே பருவ வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. நமக்கு அக்டோபரில் வரும் முதல் பெருமழையும் அதே வேலையைத்தான் செய்யும். செப்டம்பரில் கால்வாய் தூர்வாரி, அள்ளிய சகதியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறதே, அது தூர்வாராததற்குச் சமம்.

உண்மையில் கடல் உயிர்களுக்கு என்ன ஆகிறது? வாரம் ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக் சாப்பிடுகிறோம் என்பது சரியா?
*– வாசகர், சென்னை*

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். வாரம் 5 கிராம் என்பது 2019இல் உலகெங்கும் பரவிய எண். துகள்களின் எண்ணிக்கையை எடையாக மாற்றும்போது பெரிய துகள்களின் எடையை வைத்துப் பெருக்கியதால் வீங்கியது. 2021இல் கவனமாகப் போட்ட மறுகணக்கில் பெரியவர்களுக்கு வாரச் சராசரி சில மைக்ரோகிராம்தான். ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கழுத்து இரத்தக்குழாய் அடைப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரை இத்தாலியில் தொடர்ந்து கவனித்தார்கள், 2024இல் முடிவு வந்தது. அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிறுவவில்லை, தொடர்பு இருப்பதைக் காட்டியது.

கடலில் நடப்பது பெரும்பாலும் சத்தமில்லாத பட்டினி. கோப்பிபாட் என்ற மிகச் சிறிய மிதவை உயிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்குஞ்சுகளின் முதல் உணவு அது. பிளாஸ்டிக் மணி கலந்த நீரில் அது பாசியைக் குறைவாகத் தின்கிறது, முட்டை சிறுத்துப்போகிறது. அதன் எச்சம் சாதாரணமாகக் கல் போல ஆழத்துக்கு இறங்கி, கரிமத்தைக் கடலடிக்குக் கொண்டு சேர்க்கும். எச்சத்தில் பிளாஸ்டிக் கலந்தால் இறங்கும் வேகம் பாதிக்கும் கீழே போகிறது. கடற்பறவைகளுக்கு வேறொரு ஏமாற்று. கடலில் சில வாரம் கிடந்த பிளாஸ்டிக்கில் பாசி படர்ந்து டைமெத்தில் சல்பைடு வாசனை வரும். இரை இருக்கும் இடத்தைப் பறவை அந்த வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

டயர் தூசியைப் பற்றிப் பலர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்தன. பல ஆண்டுத் தேடலுக்குப் பின் காரணம் சிக்கியது. டயரின் ரப்பர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு வினைபுரிந்து குயினோனாக மாறி, சாலை மழைநீரோடு ஓடையில் இறங்கியிருக்கிறது. துகளே கொல்லாவிட்டாலும் அது சுமந்து வரும் இரசாயனம் கொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இதுவரை இல்லை.

ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றைப் பாருங்கள். ஆய்வகத் தொட்டியில் போட்ட அளவு எவ்வளவு, கடலில் உள்ள அளவு எவ்வளவு? பல சோதனைகளில் புதுக் கடையில் வாங்கிய உருண்டை பாலிஸ்டைரீன் மணியை, கடலில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவில் போடுகிறார்கள். கடலில் இருப்பதோ கோணல்மாணலாக உடைந்த, வெயிலில் காய்ந்த, பாசி படிந்த துண்டும் இழையும். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. துகளின் வடிவம், அளவு, செறிவு மூன்றையும் சொல்லாத ஆய்வுச் செய்தியை நாங்கள் இந்தப் பக்கத்துக்கு எடுப்பதில்லை.